தளவானூரில் டெம்போ குறைந்த மாலை

நிகழ்ச்சி நடுவில் ப்ளூடூத் அறுந்துபோனால் என்னக்கா செய்வீங்க என்று போன வாரம் உங்களில் ஒருத்தி கேட்டாள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். கேபிளை எடுத்துச் சொருகு என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. ஏனென்றால் ஒருமுறை அப்படிக் கேபிளைச் சொருகி முடித்த பிறகுதான், இத்தனை வருட வேலையில் நான் மிகவும் பயந்த சில நிமிடங்கள் வந்தன. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அதை எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் செஞ்சி பஜாரில் ஒரு டி.வி. ரிப்பேர் கடையில் சாலிடரிங் செய்துகொண்டிருந்தவள். ஒரு மெல்லிசைக் குழுவின் ஆம்ப்ளிஃபயரைச் சரிசெய்யப் போனேன்; அந்தக் குழுவோடேயே தங்கிவிட்டேன். எனக்குப் பாடத் தெரியாது, வாசிக்கத் தெரியாது. கீபோர்டு, ரிதம் பேடு, பிற்பாடு வந்த லேப்டாப் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்து ஒரே டெம்போவில், அதாவது ஒரே தாள வேகத்தில், ஓடவைப்பதுதான் என் வேலை. மேடையில் பெரிய ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்குமே, அதுதான் என் இடம்.

எங்கள் ப்ராக்டீஸ் அறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. மார்கழிக் காலையில் ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை மலை இருக்காது. வெள்ளையாகப் பனி மட்டும் நிற்கும். ஒன்பது மணிவாக்கில் முதலில் கோட்டையின் உச்சி மட்டும் எதன் மேலும் நிற்காமல் தனியாக மிதக்கும். அப்புறம் பாறைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிவந்து சேரும். நான் ஒயர்களைக் கோத்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கீழே திருவண்ணாமலை பஸ் ஹாரன் அடிக்கும். ஒரு கீபோர்டு சும்மா ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தக் காலைகளில் நேரம் ஓடுகிறதா நிற்கிறதா என்றே எனக்குத் தெரியாது. நேரத்தைச் சரிபார்ப்பதுதான் என் வேலை என்பது வேறு விஷயம்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். இந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கடிகாரம் இருக்கிறது. ஏதாவது ஒன்றை மாஸ்டர் என்று வைத்தால் மற்றவை அதன் பின்னால் போகும். நான் சேர்ந்த முதல் வருடம், ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு பெட்டிகளையும் மாஸ்டராகவே விட்டுவிட்டேன். பாட்டு தொடங்கும்போது இரண்டும் ஒன்றாகத்தான் தொடங்கின. இரண்டாவது சரணம் வருவதற்குள், அடுத்தடுத்த தெருவில் இரண்டு ஊர்வலம் போகிற மாதிரி ஆகிவிட்டது. பாடியவர் எந்த ஊர்வலத்தோடு போவது என்று தெரியாமல் பாதியில் வாயை மூடிக்கொண்டார். நான் அழுதுகொண்டே ஒயர் சுற்றினேன். அப்போது பாஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர் பக்கத்தில் வந்து நின்று, "ரெண்டும் சரியாத்தான் ஓடிச்சி. யார் பின்னாடி யார் போவணும்னு நீ சொல்லல, அவ்ளோதான்" என்றார். அவர் அடுத்த வருடமே வெளிநாடு போய்விட்டார். அன்றைக்குப் பிறகு எந்த மேடையிலும் அந்த ஒன்றைச் சரிபார்க்காமல் நான் உட்கார்ந்ததில்லை.

இனி தங்கராசு அண்ணன் கதைக்கு வருகிறேன்.

தங்கராசு எங்கள் குழுவின் கீபோர்டுக்காரர். தளவானூரில் விவசாயக் குடும்பம். காலையில் கழனிக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, பஸ் ஏறி செஞ்சிக்கு வந்து வாசிப்பார். எங்கள் ஒவ்வொரு நிகழ்ச்சியும் அவர் போட்ட ஒரு மெட்டோடுதான் தொடங்கும். வார்த்தை கிடையாது, வெறும் வாசிப்பு. வலது கை விரல்கள் கீபோர்டின் மேல் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் நமக்கு மூச்சு வாங்கும். அந்த மெட்டு கேட்டால் எந்த ஊரானாலும் வீட்டுக்குள் இருப்பவர்கள் வெளியே வந்துவிடுவார்கள்.

ஒரு நாள் காலையில் மோட்டார் ஷெட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பேச்சு திரும்பிவிட்டது. இடது பக்கம் எப்போதும் போல நன்றாகவே இருந்தது. வலது கால் கொஞ்சம் இழுத்துக்கொண்டாலும் நடக்க முடிந்தது. வலது கையைத் தோளிலிருந்து தூக்க முடியும், முன்னால் நீட்ட முடியும். விரல்கள் மட்டும் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. இரண்டு வருடம் அவர் எங்கள் பக்கமே வரவில்லை.

தொடக்க மெட்டை நாங்கள் விட்டுவிடவில்லை. அவர் முன்பு வாசித்த பதிவு ஒன்று இருந்தது. அதை லேப்டாப்பில் போட்டு, ரிதம் பேடு வாசிக்கும் ரஹீம் அதனோடு சேர்ந்து வாசித்தான். அவருடைய வாசிப்பு அவர் இல்லாமலே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் கைக்கடிகாரம் போலக் கட்டிக்கொள்ளும் கன்ட்ரோலர் பட்டை ஒன்று எங்கள் குழுவுக்கு வந்தது. மணிக்கட்டில் கட்டிக்கொண்டு கையை உயர்த்தினால் ஸ்வரம் ஏறும், இறக்கினால் இறங்கும், சற்று முன்னால் தள்ளினால் ஒலிக்கும். விரல் தேவையே இல்லை. ஒயர் கிடையாது, ப்ளூடூத்தில் லேப்டாப்போடு பேசிக்கொள்ளும். நானும் ரஹீமும் தங்கராசு வீட்டுக்குப் போய்ப் பேசி, அவரை ஒருவழியாக மாடி அறைக்கு வரவழைத்தோம். பட்டையை அவர் வலது கையில் கட்டிவிட்டு, "தூக்குங்கண்ணா" என்றேன். தூக்கினார். புல்லாங்குழல் போல ஒரு ஒலி ஏறிப் போனது. அவர் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார், யார் வாசிக்கிறார்கள் என்று.

ஆனால் சேர்ந்து வாசிக்கும்போது சிக்கல் வந்தது. ப்ளூடூத்தில் ஒரு சின்னத் தாமதம் எப்போதும் இருக்கும், அதைச் சமாளித்துவிடலாம். அவருடைய கை அதைவிடத் தாமதித்தது. மனம் நினைத்த இடத்துக்குக் கை போய்ச் சேர்வதற்குள் தாளம் அந்த இடத்தைக் கடந்துவிட்டது. ஒவ்வொரு முறை பின்தங்கும்போதும் அவர் முகம் மூடிக்கொண்டே போவதைப் பார்த்தேன்.

எனக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் அவர் வருவதற்கு முன்னால் லேப்டாப்பில் ஒரு வேலை செய்தேன். அவர் கை எப்போது அசைந்தாலும், அந்த ஸ்வரம் உடனே ஒலிக்காமல் தாளத்தின் அடுத்த இடம் வரும்வரை காத்திருந்து ஒலிக்கும். யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் வாசித்தது அத்தனையும் தாளத்தில் உட்கார்ந்தது. ரஹீம் விசில் அடித்தான். தங்கராசு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் நல்ல காரியம் செய்துவிட்டதாக இரண்டு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம், ரஹீம் டீ வாங்கக் கீழே போயிருந்தான். ரிதம் மட்டும் தானாக ஓடிக்கொண்டிருந்தது. தங்கராசு கையை இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டிருந்தார். ஏதோ பயிற்சி செய்கிறார் என்று நினைத்தேன்.

"குமுதா, இங்க வா" என்றார். "நான் இன்னா பண்ணிக்கினு இருக்கேன்னு சொல்லு."

"வாசிக்கிறீங்கண்ணா."

"இல்ல. ஈ ஓட்டிக்கினு இருக்கேன். ஈ ஓட்னா கூட தாளத்துல வருது. எப்பிடி?"

என் கண் தானாக லேப்டாப் பக்கம் போனது. அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. பட்டையைக் கழற்றி மேசைமேல் மெதுவாக வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். டீயோடு வந்த ரஹீம், "அண்ணன் எங்க அக்கா?" என்று கேட்டான். நான் மேசைமேல் இருந்த பட்டையைக் காட்டினேன்.

பத்து நாள் அவர் வரவில்லை. பதினோராவது நாள் நான் தளவானூருக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் யாரோ விளையாடிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன மாதிரி பாறைகள் குவிந்து கிடந்தன. நெல் அறுப்புக்கு நின்றது. அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு ஏரிப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அஞ்சலை எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"கோவமாண்ணா?"

"கோவம்னு இல்ல குமுதா. ரெண்டு வருசம் ஊமையா இருந்தேன். நீ என்னப் பேச வச்சேன்னு நெனச்சேன். பாத்தா என் வாயில நீ பேசிக்கினு இருந்திருக்க."

மோரைக் கீழே வைத்தேன். "தப்புதாண்ணா" என்றேன்.

அவர் ஏரியிலிருந்து பார்வையைத் திருப்பினார். பிறகு தன் இடது காலைத் தரையில் இரண்டு தடவை தட்டிக் காட்டினார். "இது நல்லாத்தான இருக்குது? டெம்போவ இந்தக் கால்ல குடு. நான் போற எடத்துக்கு உங்க பொட்டிங்க எல்லாம் பின்னாடி வரட்டும். மறைச்சி ஒண்ணியும் பண்ணாத."

"பண்ண மாட்டேண்ணா."

அஞ்சலை என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தார். வழியில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "காணும் பொங்கலுக்கு எங்க ஊருல உங்க ப்ரோக்ராம் வச்சிருக்காங்க. அவருதான் மொதல்ல வாசிக்கணும்னு கேக்கறாங்க. ஊரே பாக்கும். நடுவுல தடுமாறிட்டார்னா நீ பாத்துக்கினு நிக்காதம்மா. அவர அசிங்கப்பட வுட்றாத."

"விட மாட்டேன்க்கா" என்றேன்.

ஒரே நாளில், ஒரே தெருவில், இரண்டு பேருக்கு இரண்டு வாக்கு. அந்த நேரத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று எனக்குத் தோன்றவே இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்து செஞ்சிக் கோட்டை கண்ணில் படும்போதுதான் தோன்றியது.

அவருடைய இடது காலுக்கு ஒரு பெடல் செய்துகொடுத்தேன். அவர் மிதிக்கும் வேகம்தான் டெம்போ. லேப்டாப், ரஹீமின் ரிதம் பேடு எல்லாம் அதன் பின்னால் போகும். பழைய திருட்டு வேலையை எடுத்துவிட்டேன். ஆனால் லேப்டாப்பில் ஒரு பட்டனை மட்டும் வைத்துக்கொண்டேன். அதை அமுக்கினால் பெடலும் கைப்பட்டையும் அறுந்துவிடும், அவர் முன்பு வாசித்த பதிவு பழைய வேகத்தில் ஓடத் தொடங்கும். அவர் கையை ஆட்டிக்கொண்டே இருந்தால் போதும், கூட்டத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. அஞ்சலைக்காக அதை வைத்தேன். தங்கராசுவிடம் சொல்லவில்லை. மறைத்து ஒன்றும் செய்ய மாட்டேன் என்று சொன்னவள்தான் நான்.

காணும் பொங்கல் அன்று மேடையை ஏரிக்கரைக்குக் கீழே அறுத்த கழனியில் போட்டிருந்தார்கள். மேடைக்கு எதிரே, கூட்டம் உட்காரும் இடத்துக்கு அப்பால், குடைவரைக் கோயில் இருக்கும் பாறைக் குன்று. மூன்று மணிக்கு ஒலி சரிபார்த்தோம். ரஹீம் முதல் அடி அடித்ததுமே நிறுத்திவிட்டான்.

"அக்கா, அந்தப் பக்கம் எவனோ என்ன மாதிரியே வாசிக்கிறான். லேட்டா வாசிக்கிறான்."

பாறை எதிரொலித்தது. இங்கே ஓர் அடி அடித்தால், 'ஒன்று' என்று நிதானமாகச் சொல்லி முடிப்பதற்குள் அங்கிருந்து திரும்பி வந்தது. எங்கள் டெம்போவில் அது இரண்டு அடிகளுக்கு நடுவே விழுந்து எல்லாவற்றையும் குழப்பியது. நான் ஸ்பீக்கர்களைக் கொஞ்சம் தரைப்பக்கம் சாய்த்தேன், ஒலியைக் குறைத்தேன். "ஹெட்போனப் போட்டுக்க. டெம்போ சத்தத்த மட்டும் கேட்டு வாசி, வெளிய கேக்காத" என்று ரஹீமிடம் சொன்னேன். நானும் ஹெட்போன் போட்டுக்கொண்டேன். தங்கராசு ஹெட்போன் வேண்டாம் என்றுவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து குன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கால் தரையில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தது. படபடப்பு என்று நினைத்து டீ கொடுத்தேன். டீ ஆறிப்போனது.

ஐந்தரை மணிக்குக் கூட்டம் நிறைந்துவிட்டது. சூரியன் சரிந்து, பாறைகள் எல்லாம் உள்ளே விளக்கு ஏற்றிவைத்த மாதிரி சிவந்திருந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் தங்கராசு மேடையேறினார். கைதட்டல் அடங்கியது. கூட்டத்தில் பாதிப்பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அஞ்சலை முதல் வரிசையில் மடியில் கைகோத்து உட்கார்ந்திருந்தார். தங்கராசு கையை உயர்த்தி முன்னால் தள்ளினார்.

ஒன்றும் கேட்கவில்லை.

மறுபடி தள்ளினார். மணிக்கட்டில் பட்டையின் விளக்கு மின்னி மின்னி அணைந்தது. மூன்று மணிக்கு அங்கே நாங்கள் மட்டும்தான் இருந்தோம். இப்போது நூற்றுக்கணக்கான செல்போன்கள். அந்த நெரிசலில் இந்தச் சின்னப் பட்டையின் குரல் லேப்டாப்புக்குப் போய்ச் சேரவில்லை. பட்டன் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் இது அவர் தடுமாற்றம் இல்லை, என் ஒயர் வேலை. அதனால் யோசிக்கவில்லை. பட்டையைச் சார்ஜ் செய்யும் துளையில் கேபிளைச் சொருகி மறுமுனையை லேப்டாப்பில் சொருகினேன். விளக்கு நின்று எரிந்தது.

கேபிளின் கனம் அவர் கையைக் கீழே இழுத்தது. வேறு வழியில்லை. நான் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் மேடைத் தரையிலேயே உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்து, காற்றாடி நூல் பிடிக்கிற மாதிரி கேபிளை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அத்தனை வருடத்தில் முதல்முறையாகக் கூட்டம் என்னைப் பார்த்தது.

கூட்டத்தில் ஒருத்தர் கத்தினார்: "இன்னாபா, மேடையிலயே சலைன் ஏத்துறாங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். தங்கராசுதான் முதலில் சிரித்தார். பிறகு கையை உயர்த்தினார். ஒலி எழுந்தது.

பழைய வேகத்தில்தான் தொடங்கினார். ரஹீம் சேர்ந்துகொண்டான். கூட்டத்துக்கு மெட்டு தெரிந்துவிட்டது, தலைகள் ஆடின. நான் மூச்சு விட்டேன். அப்போது ஹெட்போனுக்குள் டெம்போ சத்தம் லேசாகத் தளர்ந்தது. அவர் கால் மெதுவாகியது. சரி, பிடித்துக்கொள்வார் என்று இருந்தேன். இன்னும் தளர்ந்தது. இன்னும். இருபது வருடமாக ஓடியே பழகிய மெட்டு, நடக்கத் தொடங்கியது.

ரஹீம் என் பக்கம் குனிந்தான். ஹெட்போனை மீறிக் கேட்கிற அளவுக்குக் குரலை உயர்த்தி, "அக்கா, வண்டி நிக்கப் போவுது" என்றான்.

அஞ்சலை இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டார். என்னையே பார்த்தார். என் வலது கையில் கேபிள், இடது கை பட்டன்மேல். அமுக்கினால் பழைய தங்கராசு வந்துவிடுவார், இரண்டு கையும் நன்றாக இருந்த தங்கராசு. ஊர் கைதட்டும். அஞ்சலை உட்கார்ந்துவிடுவார். அமுக்காவிட்டால், இந்தக் கால் இன்னும் இரண்டு மிதியில் நின்றுவிட்டால், சொந்த ஊரில் அத்தனை பேர் முன்னால் அவர் கை அந்தரத்தில் நிற்கும்.

விரல் பட்டனைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். தடுமாறுகிறவரின் முகத்தை நான் அந்த மாடி அறையில் பல நாள் பார்த்திருக்கிறேன். வாய் இறுகும், கண் கீழே போகும். இப்போது வாய் இறுகவில்லை. கண்கள் கூட்டத்தின் தலைகளுக்கு மேலே குன்றைப் பார்த்துக்கொண்டிருந்தன. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற முகம் அது.

இவருக்கு ஏதோ கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. பட்டனிலிருந்து கையை எடுத்து ஹெட்போனைக் கழற்றினேன்.

அவர் ஒரு ஸ்வரத்தை விட்டார். அது கூட்டத்தைக் கடந்து, கழனியைக் கடந்து போனது. அடுத்த ஸ்வரத்துக்கு அவர் கை முன்னால் போனபோது, போனது திரும்பி வந்தது. வந்து சரியாக அதனோடு சேர்ந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்று மணிக்கு எங்களைக் குழப்பிய அதே எதிரொலி, இப்போது ஒவ்வொரு தடவையும் தாளத்தில் வந்து உட்கார்ந்தது. அவர் மெட்டின் வேகத்தைப் பாறையின் வேகத்துக்கு இறக்கியிருந்தார். அவருடைய தாமதித்த கைக்கும் அந்த வேகத்தில் இடம் இருந்தது. ஒரு ஸ்வரம் கொஞ்சம் பிந்தி வந்தாலும், அது பிந்தியதாகத் தெரியவில்லை.

ரஹீமின் காலைத் தட்டி, ஹெட்போனைக் கழற்று என்று சைகை காட்டினேன். கழற்றினான். ஒரு நிமிடம் கையை அப்படியே வைத்துக் கேட்டான். அவன் தோள் இரண்டும் இறங்கின. பிறகு இரண்டு அடி அடிக்க வேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் அடித்தான். மற்றதைக் குன்று அடித்தது.

கூட்டம் பேசுவதை நிறுத்திவிட்டது. தூக்கிப் பிடித்த செல்போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. பின்வரிசையில் சிலர் மேடைக்கு முதுகைக் காட்டி, குன்றைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள். ஏரியிலிருந்து கொக்குகள் எழுந்து எங்கள் தலைக்கு மேலே போயின. அவையும் அந்த வேகத்தில்தான் பறந்தன என்று எனக்குத் தோன்றியது. என் கை மரத்துப்போனது. கேபிளைப் பிடித்திருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியவில்லை. நான்கு நிமிடம்தான் என்று பிறகு லேப்டாப் காட்டியது. நான் நம்பவில்லை.

கடைசி ஸ்வரத்தை அவர் விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். ரஹீமும் வாசிக்கவில்லை. குன்றிலிருந்து அது ஒருமுறை தனியாக வந்தது. அப்புறம்தான் ஊர் கைதட்டியது. அந்தக் கைதட்டலையும் குன்று திருப்பித் தட்டியது.

மற்றவர்கள் பாடத் தொடங்கிய பிறகு மேடைக்குப் பின்னால் அவருடைய பட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டேன். "முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணா."

"எனக்கே தெரியாது குமுதா. மத்தியானம் ரஹீம் அடிக்கும்போதுதான் கேட்டேன். மலை திருப்பிச் சொல்லிக்கினே இருக்குது. நாமதான் அதுக்கு எடம் வுடாம மேல மேல பேசிக்கினு இருக்கோம். கொஞ்சம் எடம் வுட்டுப் பாக்கலாம்னு தோணிச்சி."

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. பட்டனைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"அமுக்கினியா?"

"இல்லண்ணா."

"அஞ்சல சொல்லித்தான வச்ச?"

நான் பட்டையின் கேபிளைச் சுருட்டினேன். அவர் மேடை ஓரமாக எட்டிப் பார்த்தார். மேடைக்கு முன்னால், ஐந்தாறு பெண்கள் சூழ்ந்து நின்று அஞ்சலையிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லாத" என்றார் தங்கராசு.

இதைப் படித்துவிட்டு எல்லா மேடையிலும் பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் கழித்துச் சீயமங்கலத்தில் ஒரு கோயில் விழா. கீபோர்டு வாசிக்க வந்த பெண்ணுக்குக் காய்ச்சல். சொல்லாமல் மேடையேறிவிட்டாள். நடுவில் அவள் மிதித்த பெடலில் டெம்போ குறைந்தது. நான் ஹெட்போனைக் கழற்றினேன், அவள் முகத்தைப் பார்த்தேன். கண் சொருகிக்கொண்டிருந்தது. அடுத்த அடிக்குள் பட்டனை அமுக்கிவிட்டேன். அவளைக் கீழே இறக்கித் தண்ணீர் கொடுத்த பிறகு, "உனக்குப் பதிலா பதிவப் போட்டுட்டேன்மா" என்று நானே அவளிடம் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டாள். இரண்டு மேடையிலும் லேப்டாப் திரையில் ஒரே விஷயம்தான் தெரிந்தது: டெம்போ குறைகிறது. அதை வைத்து எந்த முடிவுக்கும் வந்திருக்க முடியாது. ஆளைப் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் மாற்று ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள். அது இருக்கிறது என்று வாசிக்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தங்கராசுவிடம் நான் சொல்லாமல் விட்டது, நல்லபடியாக முடிந்துவிட்டது என்பதற்காகச் சரியாகிவிடாது.

தளவானூரில் வாசித்த அந்தக் காணும் பொங்கல் முடிந்து இரண்டு நாள் குழுவுக்கு லீவு விட்டிருந்தோம். மூன்றாம் நாள் காலை நான் மட்டும் மாடி அறைக்குப் போய், ஒயர்களின் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன். படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஓர் அடி ஊன்றி, இன்னோர் அடி இழுத்து, நின்று நின்று ஏறிவருகிற சத்தம். இன்று ப்ராக்டீஸ் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஊரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்.

"ரஹீம் எங்க? இன்னும் தூங்கிக்கினு இருக்கானா?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேசைமேல் இருந்த பட்டையை எடுத்தார். நான் கட்டிவிடப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, பட்டையை வலது மணிக்கட்டில் சுற்றி, ஒரு நுனியைப் பல்லால் கடித்து, மறுநுனியை இடது கையால் இழுத்து இறுக்கினார். முதல் தடவை நழுவியது. இரண்டாவது தடவையும் நழுவியது. மூன்றாவது தடவை நின்றது.

வாயிலிருந்து நுனியை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற? ஆன் பண்ணு" என்றார்.

நான் ஆன் செய்தேன்.